தாசில்தார் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை

மே 4, ஞாயிறு

கிழக்கு வீதிகளுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. மேற்கே குழாய் உடைசல், நாளைக்குத்தான்.

இந்தப் பேரூராட்சியில் ஆற்றோரக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, வீதி வீதியாக வால்வு திறந்து விடுகிறவன் நான். அர்த்தநாரி வால்வைத் திருகாவிட்டால் ஊரில் உலை ஏறாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான். அப்படிப்பட்டவன் வீட்டுக் கூடத்தில், மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் தண்ணீர் ஓட மாட்டேன் என்கிறது.

தொட்டி பூவிழியுடையது. பூவிழி மேகலாவின் மகள். மேகலாவுக்கும் எனக்கும் தை மாதம் கல்யாணம் ஆனது. எனக்கு நாற்பத்தாறு வயதில் முதல் கல்யாணம் என்பதால் ஊரே மூக்கில் விரலை வைத்தது. வைத்த விரலை இன்னும் சிலர் எடுக்கவில்லை. பூவிழியின் அப்பா அவள் சிறு குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அதிலிருந்து தாயும் மகளும் ஈரோட்டில் மேகலாவின் அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பரீட்சை முடித்துவிட்டுப் போன வாரம்தான் பிள்ளை இங்கே வந்தது, ஒரு சூட்கேஸோடும் இந்தத் தொட்டியோடும்.

தொட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு மீன். உள்ளங்கை அகலம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். ஆஸ்கர் என்ற ஜாதியாம். பெயர் தாசில்தார். வைத்தவர் மேகலாவின் அண்ணன் தெய்வசிகாமணி, தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கூப்பிட்டால் வராது, வந்தாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடும் என்பதால் அந்தப் பெயராம்.

தொட்டிக்குக் கீழே ஃபில்டர் இருக்கிறது. மூடி போட்ட பெரிய தூக்குவாளி மாதிரி, எங்கள் பக்கம் போசி என்போம். ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, போசிக்குள் பஞ்சில் வடிகட்டி, மூடியில் இருக்கும் குட்டி மோட்டார் இன்னொரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. இரண்டு குழாயிலும் சின்னச் சின்ன வால்வு. அவ்வளவுதான் விஷயம். மேலே அருவி மாதிரி விழ வேண்டிய தண்ணீர், மூக்கு ஒழுகுவது போல் விழுகிறது.

"தண்ணி கொறைவா வருதுங்க," என்றாள் பூவிழி, வாசற்படியில் நின்றுகொண்டு. உள்ளே வந்து சொல்ல மாட்டாள். ஃபேன் போடுவதற்குக்கூட "போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்கிறாள். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கிறாள். துணிகளை சூட்கேஸிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து மடித்து மறுபடி சூட்கேஸிலேயே வைக்கிறாள். நல்ல ஒறம்பரை, நல்ல விருந்தாளி. ஒறம்பரை வீட்டுக்கு வந்தால் நாலு நாளில் போய்விடுவார்கள், அதுதான்.

பேச்சு என்னவென்றால், லீவு முடிவதற்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும். பிடித்தால் இங்கே பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. பிடிக்காவிட்டால் மாமன் வீட்டிலேயே இருந்து பழைய பள்ளிக்கூடம். கல்யாணத்துக்கு முன்பே மேகலா தரையைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னாள். அது பிள்ளையின் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் அதேதான். எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

மே 5, திங்கள்

காலையில் மேற்கு வீதிகள். மாலையில் கூடம்.

காற்று அடைப்பு என்று தீர்ப்புச் சொன்னேன். பெரிய குழாயில் காற்று புகுந்தால் தண்ணீர் திணறும், சின்னக் குழாய்க்கு மட்டும் வேறு சட்டமா? போசியைக் கழற்றினேன். கழற்றுவதற்கு முன் வால்வுகளை மூட வேண்டும். ஊரில் ஒரு வால்வை மூட மறந்ததில்லை நான். இங்கே மறந்துவிட்டேன்.

"ஊருக்கே தண்ணி விடறவரு, இன்னிக்கு ஊட்டுக்கும் விட்டுட்டாரு," என்று மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பூவிழி சிரிக்கவில்லை. துணி கொண்டுவந்து கூடம் முழுக்க ஒற்றி எடுத்தாள். என் பக்கம் வந்ததும், "கொஞ்சம் காலைத் தூக்கிக்கிறீங்களா?" என்றாள். தூக்கிக்கொண்டேன்.

பிறகு குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் காற்றை எடுத்தேன். தாசில்தார் குளித்த தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் ஓட்டம் நன்றாக இருந்தது. அப்புறம் பழைய கதை.

மே 6, செவ்வாய்

மின்தடை. தண்ணீர் விடவில்லை. இரண்டு இடத்திலும்.

மே 7, புதன்

அடைப்பு பஞ்சில்தான். நேற்றே எனக்குத் தோன்றியது. எடுத்துப் பார்த்தால் கறுகறுவென்று சேறு. பம்ப் ஹவுசுக்கு எடுத்துப்போய், பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறப்போட்டு, அடித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தேன். தும்பைப்பூ வெள்ளை. ஊர்த் தொட்டிக்கு மருந்து போடுகிற கை, அரைகுறையாகச் செய்யாது.

பூவிழி பஞ்சை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "நெம்ப வெள்ளையா ஆயிருச்சுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மே 9, வெள்ளி

தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிவிட்டது. தாசில்தார் மூலையில் ஒண்டிக்கொண்டு முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

கோபியில் மீன் கடை வைத்திருக்கும் ரபீக்குக்கு போன் போட்டேன். நான் பஞ்சு துவைத்த கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் பெருமூச்சு.

"அண்ணா, அந்த அழுக்குலதான் நல்ல கிருமி எல்லாம் குடியிருக்குது. மீனோட கழிவைத் திங்கறதே அதுகதான். மொத்தத்தையும் கொன்னுபுட்டீங்களே! பிளீச்சிங் போட்டு எவனாச்சும் ஃபில்டரைக் கழுவுவானா?"

பேரூராட்சிக்காரன் கழுவுவான் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பக்கத்தில் நின்ற பூவிழியின் முகத்தைப் பார்த்தபோதே புரிந்தது. "உனக்கு இது முன்னாடியே தெரியுமா கண்ணு?"

"தெரியுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையாக் கழுவிக் கொண்டாந்தீங்க. பரவாயில்லைங்க."

இந்தப் பரவாயில்லைங்க இருக்கிறதே, அதை இந்த வாரத்தில் எத்தனை முறை கேட்டுவிட்டேன்! அவள் செல்ல மீன் சாகக் கிடக்கிறது, அதற்கும் பரவாயில்லை என்கிறது பிள்ளை. கத்தியிருக்கலாம். காலை உதைத்துக்கொண்டு அழுதிருக்கலாம். எனக்கு நெஞ்சு வலித்தது. எழுதுவதற்கு என்ன வெட்கம், வலித்தது.

மே 10, சனி

பூவிழியை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு கோபிக்குப் போனேன். ரபீக் தன் தொட்டியிலிருந்து அழுக்கேறிய பழைய பஞ்சு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். அதை வைத்தால் நல்ல கிருமிகள் மறுபடி பெருகுமாம். அந்த அழுக்கைப் பாலிதீன் பையில் போட்டு, தண்ணீர் விட்டு, கோயில் பிரசாதம் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொரு கை மொபெட்டின் பின் கம்பியைப் பிடித்திருந்தது. ஸ்பீடு பிரேக்கரிலும் கம்பிதான்.

ரபீக் இன்னொன்றும் சொல்லியிருக்கிறான். மீன் களைத்துப் போயிருக்கிறது, ஓட்டம் சரியாகி நாலு நாள் தெளிவாக இருந்தால்தான் இடம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈரோடு போவதற்குள் வழியிலேயே முடிந்துவிடுமாம். பூவிழி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நானும் கேட்டுக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டோம்!

ரபீக் சொன்னபடி போசி மூடியிலிருந்த மோட்டாரைத் திறந்தோம். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு காத்தாடி. அதுதான் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிறது. அதன் தண்டில் நீளமான தலைமுடி சுற்றிச் சுற்றி, இறுகி, கயிறு மாதிரி ஆகியிருந்தது. பூவிழி ஊக்கால் குத்தி எடுக்க, நான் டார்ச் அடித்தேன்.

"என்ற முடி இல்லம்மா, உன்றதுதான்," என்றாள் பூவிழி.

"என்றது இவ்வளவு நீளம் ஏது? உன்றதுதான்," என்றாள் மேகலா.

இருவரும் ஒரே நேரத்தில் என் தலையைப் பார்த்தார்கள். அங்கே சந்தேகப்பட ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் பூவிழி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. வழுக்கையால் ஒரு பிரயோஜனம்.

மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் தண்ணீர் அருவியாக விழுந்தது. தாசில்தார் விழுகிற இடத்துக்கே போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தோம்.

அந்த நேரம் பார்த்து தெய்வசிகாமணி மச்சான் போன். மச்சான் தங்கமான மனுஷர், குறை சொல்ல ஒன்றுமில்லை. குழந்தை இல்லாதவர், பூவிழியைத் தன் பிள்ளையாகத்தான் வளர்த்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடமெல்லாம் கேட்டது.

"தாசில்தாரு தொட்டி சரியாயிருச்சா கண்ணு? அப்பறமென்ன! வேனுக்குச் சொல்லிர்றேன். உன்ற ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்குது. அத்தை நாளெல்லாம் உன்ற பேச்சுத்தான்."

"சரிங் மாமா," என்றாள் பூவிழி.

சரி என்றுதான் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. நல்லதுதான். பழகிய இடம், பழகிய பள்ளிக்கூடம். மாலையில் மூன்றாம் வீதி வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டேன். சாக்கடையெல்லாம் தண்ணீர்.

மே 12, திங்கள்

தொட்டிக்குள் தண்ணீர் விடும் குழாயின் குட்டி வால்வு எவ்வளவு சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள லேசாகத் திருகிப் பார்த்தேன். வால்வைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, தொழில் பழக்கம். பழையபடி திருப்பி வைத்தேனா என்பது ஞாபகம் இல்லை.

மே 13, செவ்வாய்

தொட்டியில் ஓட்டம் மறுபடி குறைந்திருக்கிறது. விசித்திரம்.

மாலையில் பூவிழியும் நானும் உட்கார்ந்து குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தோம். உள்ளே பாசி வழவழவென்று இருந்தது. கயிற்றில் துணி கட்டி இந்த முனையில் நான் விட, அந்த முனையில் அவள் இழுக்க, குழாய் சுத்தமாகிவிட்டது. ஓட்டம் மட்டும் முழுசாக வரவில்லை.

"இன்னும் என்னமோ இருக்குதுங்க," என்றாள்.

"ஆமா கண்ணு, இருக்குது. பொறுமையாத்தான் பாக்கோணும்," என்றேன்.

மச்சானுக்கு அவளே போன் செய்து, தொட்டி மறுபடி மக்கர் செய்கிறது, வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மே 16, வெள்ளி

இந்த நாலு நாளாகப் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கூடத்தில் பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. போசியைத் திறக்கிறோம், மூடுகிறோம். பூவிழிக்கு ஒரு கொள்கை, எனக்கு ஒன்று. குழாய் நீளம் அதிகம் என்கிறாள். வோல்டேஜ் போதவில்லை என்கிறேன். நடு நடுவே பேச்சு எங்கெங்கோ போகிறது. அவளுக்குக் கணக்கு வரும், வரலாறு வராது. கத்தரிக்காய் ஆகாது, ஆனால் நான் செய்த கத்தரிக்காயை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள், சொல்லாமல். இனிமேல் கத்தரிக்காய் கிடையாது.

இன்று காலையில் தண்ணீர் விட என்னோடு வந்தாள். மேற்கு வீதிக்கு ஏன் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று கேட்டாள், மேடு என்று காட்டினேன். நீளச் சாவியை இரண்டு கையாலும் பிடித்து வால்வைத் திருகினாள். பூமிக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதும் கண்ணை அகல விரித்தாள். குடத்தோடு வந்த பெண்பிள்ளை ஒருத்தி, "ஆருங்க இது, புதுசா இருக்குது?" என்று கேட்டாள்.

"என்ற பிள்ளை," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

மொபெட்டில் திரும்பி வரும்போது பூவிழி கம்பியைப் பிடிக்காமல் என் சட்டையைப் பிடித்திருந்தாள். அந்த ரோடு மோசம், அதனால் இருக்கும்.

மே 18, ஞாயிறு

காலையில் கூட்டிப் பெருக்கும்போது அந்த வால்வைச் சரிபார்த்தேன். இனி இருக்கட்டும் என்று முழுசாகத் திறந்தே வைத்தேன். ஆனாலும் ஓட்டம் கூடவில்லை! இப்போது உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

போசியைத் திறந்தால் பஞ்சு நான் வைத்ததைவிடத் தடிமனாகத் தெரிகிறது. ஊறினால் பருக்கும் போலிருக்கிறது.

மேகலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் சேந்து அந்த மெசினை வாழ உடமாட்டீங்க போல," என்றாள். நாங்கள் காதில் வாங்கவில்லை.

மே 20, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்.

என் பனியன் ஒன்றைக் காணவில்லை. மேகலா கரித்துணிக்கு எடுத்திருப்பாள்.

மே 21, புதன்

மச்சான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளெ, ஞாயித்துக்கெழமை வேனோட வந்தர்றனுங்க. இங்க மீனுக் கடைக்காரப் பையன் ஒருத்தன் கெட்டிக்காரன், அவனையும் கூட்டியாறேன். அங்கயே பிரிச்சுப் பாத்து, சரி பண்ணி, ஏத்திக்கிட்டு வந்தர்லாமுங்க. பள்ளிக்கூடம் தெறக்கப் போகுது பாருங்க. பூவிழிகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"அவ என்ன சொன்னா மச்சான்?"

"சரிங் மாமான்னா."

நானும் சரிங் மச்சான் என்றேன்.

மே 22, வியாழன்

வால்வைப் பார்த்தேன்.

மே 23, வெள்ளி

மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம்.

மே 24, சனி

மேகலா முறுக்குச் சுட்டாள், அண்ணனுக்குக் கொடுத்துவிட. பூவிழி பிழிந்தாள். நான் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து உடைந்ததை எல்லாம் தின்றேன். ஒருவரும் நாளைய பேச்சை எடுக்கவில்லை.

மே 25, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் தண்ணீர் விட்டுவிட்டு மொபெட்டை நிறுத்துகிறேன், உள்ளே பூவிழியின் அலறல். "இங்க வாங்க! சீக்கிரம் வாங்க!"

ஓடினேன். தாசில்தார் மேல் மட்டத்தில் சாய்ந்து கிடந்தார். வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடினார். மேலே குழாயிலிருந்து சொட்டுக்கூட விழவில்லை. போசியைத் தொட்டால் மோட்டார் சுடுகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் சூடானால் அதில் மூச்சுக்காற்று குறைந்துவிடும், ஓட்டம் மட்டும் நிற்கவே கூடாது என்று ரபீக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"மொண்டு ஊத்து கண்ணு! ஒசரத்துல இருந்து ஊத்து!" என்று கத்தினேன். மேலேயிருந்து ஊற்றினால் தண்ணீரோடு காற்றும் கலந்து இறங்கும். அவள் குளியலறைச் சொம்பை எடுத்துவந்து தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள். நான் ஸ்விட்சை அணைத்துப் போசியைத் திறந்தேன். பஞ்சுக்கு மேல் பஞ்சு. அதற்கும் கீழே, இறுக்கி அடைத்த ஒரு துணி. இழுக்க இழுக்க வந்தது. விரித்துப் பார்த்தால் என் பனியன்.

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் குழாயின் குட்டி வால்வில் நின்றது. அது முக்கால்வாசி மூடியிருந்தது.

"இதை ஆருங்க மூடுனது?" என்றாள்.

"பனியனை ஆரு வெச்சது?"

"நான் மொதல்ல கேட்டனுங்க! வால்வை ஆரு மூடுனது?"

"நான்தான்! கொஞ்சமாத்தான் மூடுனேன். நீ இத்தனை பெரிய துணியை வெச்சிருக்கறயே!"

"நானும் கொஞ்சமாத்தான் அடைச்சனுங்க! பஞ்சு மட்டுந்தான் வெச்சேன். அதையும் மீறித் தண்ணி வந்துச்சு, அதுக்குத்தான் பனியனு. நீங்க வால்வை வேற மூடுவீங்கன்னு எனக்கென்ன சோசியமா தெரியும்? தண்ணி விடற வேலைதான பாக்கறீங்க? அறிவு வேண்டாமுங்களா? தாசில்தாரு செத்துப்போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய சண்டையிலும் 'ங்க' மட்டும் போகாது. மற்றதெல்லாம் போய்விட்டது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், தலையிலிருந்து கால்வரை தொட்டித் தண்ணீர். கத்திக்கொண்டே ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே கத்தினாள். எனக்கும் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"நீ எதுக்கு அடைச்ச? அதச் சொல்லு மொதல்ல! உனக்குத்தான் போகோணுமே! மாமன் கேட்ட ஒடனே சரிங், சரிங்ன்னயே!"

"அவருகிட்ட வரலைன்னு எப்படிங்க சொல்றது?" சொம்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டாள். "அத்தனை வருசம் வெச்சிருந்து சோறு போட்டவருகிட்ட எப்படி வாயெடுத்துச் சொல்றது? தொட்டி கெட்டுப்போயிருந்தா நானா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையில்ல? நீங்க எதுக்கு மூடுனீங்க? அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க!"

"நீ போயிருவேன்னுதான் மூடுனேன்!"

ஊர் கேட்கும்படிதான் சொன்னேன். வால்வை முழுசாகத் திறந்து, பஞ்சை மட்டும் வைத்து மூடி ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் ஒரு முறை முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொட்டியது. தாசில்தார் சாய்ந்தபடியே அதற்கு அடியில் போனார். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு நிமிர்ந்தது. துடுப்பை ஆட்டினார். நாங்கள் இருவரும் ஈரத்தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தோம். அவள் என் தோளில் முகத்தைத் துடைத்தாள். அழுகைதான் பாதி, மூக்குச்சளி பாதி.

அப்போதுதான் திரும்பினேன். வாசலில் மச்சான் நிற்கிறார். பக்கத்தில் மேகலா, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் கெட்டிக்காரப் பையன், கையில் டூல் பாக்ஸோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மச்சான் உள்ளே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். "என்னுங்க தாசில்தாரே, சௌக்கியமா?" என்றார். மீன் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது.

"மாமா..." என்றாள் பூவிழி.

"ஈரத் துணியை மாத்திக்கிட்டு வா சாமி. சளி புடிச்சுக்கும்," என்றார். அவள் போனதும் பையனைப் பார்த்து, "இங்க உனக்கு வேலையில்லை தம்பி. வேன்காரரு கூடவே போயிரு," என்றார்.

மதியம் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். பூவிழி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டில் அப்பளம் வைத்துக்கொண்டே இருந்தாள். காலாண்டு லீவுக்கும் அரையாண்டு லீவுக்கும் ஈரோடு வருவதாகச் சொன்னாள். வெள்ளையடித்த ரூமை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாள். அவர் சிரித்து, சரிங் கண்ணு என்றார்.

பஸ் ஏற்றிவிட நான் போனேன். முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தார். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் பேசினார்.

"மாப்ளெ, அத்தனை வருசம் என்ற ஊட்டுல இருந்தாளுங்க. ஒரு நாளு எங்கிட்டச் சண்டை போட்டதில்லை. ஒரு நாளு எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. பிள்ளைன்னா இப்படியல்லோ இருக்கோணும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு வாசல்ல நிக்கறப்பத்தானுங்க தெரிஞ்சுது, பிள்ளை எங்கிட்ட பயந்துக்கிட்டே இருந்திருக்குதுன்னு."

"பயமில்லீங்க மச்சான். மரியாதை."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே அந்த வயசுக்கு," என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து அழுத்தினார். பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

மே 27, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. தாசில்தார் மண்புழு தின்றார்.

மே 30, வெள்ளி

பூவிழியோடு சண்டை. நான் வைத்த டிவி சத்தம் அதிகமாம்.

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளி திறப்பு. மேற்கு வீதிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அவசரமாக வீட்டுக்கு வந்தேன், பூவிழியைக் கொண்டுபோய் விட. கொஞ்சம் தாமதம்தான். கொஞ்சம் என்றால் கொஞ்சம்.

ரெட்டைச் சடை, புதுச் சீருடை, முதுகில் பை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மொத நாளே லேட்டுங்க! உங்களை நம்புனா இப்படித்தான். ஊருல இருக்கற கொடமெல்லாம் ரொம்பட்டும், நான் மட்டும் பள்ளிக்கூட கேட்டுல நிக்கறேன்!"

"ரெண்டு நிமிசம் கண்ணு, சட்டையை மாத்திக்கிட்டு..."

"ஒண்ணும் வேண்டாமுங்க, அப்படியே வாங்க!"

வெளியே போனாள். போகிற வேகத்தில் கதவை ஓங்கி அடித்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. மேகலா அடுப்படியிலிருந்து பதறிப்போய் ஓடிவந்தாள். "ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. அவ இப்படியெல்லாம் பண்ற பிள்ளையே இல்லீங்க. நான் கண்டிச்சு வெக்கறனுங்க."

"கண்டிக்காத," என்றேன். "அவ ஊட்டுக் கதவு, அவ சாத்தறா."

வெளியே மொபெட் ஹாரன் விடாமல் அலறியது. ஈரச் சட்டையோடு ஓடினேன்.